மிரர் பூலில் ஒற்றை டிஸ்க்கைச் சேர்க்கலாமா?

கேள்வி: வீட்டு சர்வரில் இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டம் வைத்திருக்கிறேன். இரண்டு 4 டிபி டிஸ்க்குகள் மிரரில், அதாவது இரண்டிலும் ஒரே நகலாக, ஓடுகின்றன. 90 சதவீதம் நிரம்பிவிட்டது. புதிதாக 8 டிபி டிஸ்க் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதையும் பூலில் (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்தச் சேமிப்பிடம்) சேர்த்தால் 12 டிபி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

டிஸ்க்கைச் சேர்க்கும் 'இசட்பூல் ஆட்' (zpool add) கட்டளை கொடுத்தால், பூலில் இருப்பது மிரர், நீங்கள் தருவது ஒற்றை டிஸ்க் என்று சொல்லி மறுக்கும். 'மைனஸ் எஃப்' (-f) போட்டால் மீறலாம் என்று அதே மெசேஜில் வழியும் காட்டும். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். இசட்எஃப்எஸ் புதிதாக எழுதுவதை எல்லா விடெவ்களுக்கும் (மிரர் ஜோடி ஒரு விடெவ், ஒற்றை டிஸ்க் இன்னொன்று) பிரித்துப் போடும். காலியாக இருப்பதற்கு அதிகம் போகும். ஆக, இனி வரும் ஃபைல்களில் பெரும்பகுதி துணையில்லாத அந்த 8 டிபி டிஸ்க்கில்தான் உட்காரும். அது செத்தால் அதிலிருந்தது மட்டும் போகாது, பூலே திறக்காது. மிரரில் நன்றாக இருக்கும் பழைய போட்டோக்களும் கைக்கு எட்டாது.

ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் பதற வேண்டாம். ரெய்ட்-இசட் (மிரருக்குப் பதிலாகப் பாரிட்டி வைத்துப் பாதுகாக்கும் அமைப்பு) இல்லாத பூல் என்றால், மிரரில் போதிய இடம் இருக்கும்வரை 'இசட்பூல் ரிமூவ்' அதை வெளியே எடுத்துவிடும். லினக்ஸில் இது 2019இல் வந்த 0.8 பதிப்பிலிருந்து உண்டு. 'இசட்பூல் அட்டாச்' வேறு விஷயம்: புதிய டிஸ்க்கை மிரரோடு இணைத்தால் மூன்றாவது நகல் கிடைக்கும், இடம் அதிகரிக்காது.

முதலில், இடம் எங்கே போகிறது என்று பாருங்கள். 'இசட்எஃப்எஸ் லிஸ்ட் மைனஸ் ஓ ஸ்பேஸ்' (zfs list -o space) கொடுத்து, 'யூஸ்டுஸ்னாப்' (USEDSNAP) என்ற பத்தியைப் படியுங்கள். நீங்கள் அழித்த ஃபைல்களைப் பழைய ஸ்னாப்ஷாட்கள் (ஒரு நேரத்து நிலையின் பதிவுகள்) இன்னும் பிடித்து வைத்திருக்கலாம். எல்லா டேட்டாசெட்டுகளுக்கும் (பூலுக்குள் இருக்கும் தனித்தனிப் பிரிவுகள்) காலியிடம் பொதுவானது என்பதால், சினிமா டேட்டாசெட்டின் ஸ்னாப்ஷாட் போட்டோ டேட்டாசெட்டின் இடத்தையும் தின்னும். வேண்டாதவற்றை அழித்தாலே கொஞ்ச நாள் ஓடும்.

அப்புறம் அந்த 8 டிபி. அதைத் தனிப் பூலாக்கி, 'இசட்எஃப்எஸ் செண்ட்', 'ரிசீவ்' மூலம் பேக்கப் எடுங்கள். மிரர் பேக்கப் ஆகாது. தவறி ஒரு ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். உங்களிடம் இப்போது இல்லாதது பேக்கப்தான், இடத்தைவிட அது அவசரம்.

பிறகு இன்னும் இரண்டு 4 டிபி வாங்கி, இரண்டையும் ஒரு மிரர் ஜோடியாகவே பூலில் சேர்த்தால் 8 டிபி ஆகும். 8 டிபி பேக்கப் அதற்கும் ஏறக்குறைய போதும். சேர்க்கும் முன் 'இசட்பூல் ஆட்' கட்டளையில் 'மைனஸ் என்' (-n) போட்டுப் பாருங்கள். எதையும் மாற்றாமல், பூல் எப்படி அமையும் என்று காட்டும். புதிய டிஸ்க்குகள் இரண்டும் 'மிரர்' என்ற வரிக்குக் கீழே இருந்தால் மட்டும், 'மைனஸ் என்'னை எடுத்துவிட்டு அதே கட்டளையைக் கொடுத்து எண்டர் தட்டுங்கள்.