பின்கட்டு வழியாக வரும் கிருமி

அன்புள்ள ஐயா,

நான்கு நாட்களுக்கு முன் என் மகனைத் தெருநாய்க்குட்டி கணுக்காலில் கடித்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவினோம். இரண்டு ஊசி போட்டாயிற்று. "உடம்பே கிருமியை அடித்துவிடும், மீதி ஊசி எதற்கு?" என்கிறார் என் ஆத்தா. உடம்பு உண்மையிலேயே சண்டை போடுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இது.

ஆத்தாவைக் கோபிக்காதீர்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலத்தைப் பார்த்தவர். அவர் சொல்வதில் பாதி சரியும்கூட. நம் செல்லுக்குள் ரிக்-ஐ (RIG-I) என்றொரு காவல் புரதம் உண்டு. நம்முடைய ஆர்.என்.ஏ. (மரபுச் செய்தியைத் தாங்கும் இழை) முனையில் மூடி போட்டிருக்கும். வெறிநாய்க்கடி நோயைத் தரும் ரேபிஸ் வைரஸின் ஆர்.என்.ஏ.வோ மொட்டை முனையோடு திரியும். அதைத் தொட்டுப் பார்த்ததும் ரிக்-ஐ கூச்சல் போட, செல் இன்டர்ஃபெரானைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும்.

வைரஸிடம் இருப்பவை ஐந்தே புரதங்கள். சிக்கனத்தில் நம்மூர்க்காரர்களே தோற்க வேண்டும்! அதில் 'பி' என்ற புரதம் வைரஸ் பெருகவும் உதவுகிறது, இன்டர்ஃபெரான் சுரக்கும் உத்தரவையும் தடுக்கிறது. சுரந்த கொஞ்சநஞ்சத்தின் செய்தி செல்லின் உட்கருவுக்குப் போகாமல் வழிமறிப்பதும் அதுவே.

நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீள்பவை. முகப்பில் காவலாளி உட்கார்ந்திருக்க, இந்தத் திருடன் பின்கட்டு வழியாக வருகிறான். தசையிலிருந்து நரம்பு நுனிக்குள் புகுந்து, நரம்போடே மூளைக்கு ஏறிவிடுகிறான். ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள்கள் அவனை அங்கே தொட முடியாது. நரம்புச் செல்லைக் கொன்றால் சத்தம் கேட்குமே, பெரும்பாலும் கொல்வதுமில்லை. மூளைக்குத் துரத்தி வரும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைத்தான் சாகடிக்கிறான்.

ஆனால் இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகிறது; சிலருக்குச் சில நாட்களே. அவன் நரம்புக்குள் நுழையும் முன் எதிர்ப்பொருளைத் தயாராக்கத்தான் தடுப்பூசி. சோப்பும் வீண் இல்லை: வைரஸின் மேலுறை கொழுப்பு, 15 நிமிடம் கழுவினால் சிதையும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எல்லாம் காயத்தைக் கிளறி அவனுக்கு வழிவிடும் வேலை.

தோலுக்குள் போடும் முறையானால் மீதி ஊசிகள் 7ஆம் நாளும் 28ஆம் நாளும். கடித்த இடத்தில் ரத்தம் கசிந்திருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்பொருள்) போட்டார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். விட்டுப்போயிருந்தால், முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் எழுதியபோது உங்களுக்கு இன்னும் மூன்று நாளாவது இருந்தது.