மருத்துவர் அறையில் உங்கள் வாயால் நீங்களே பேசுங்கள்

கேள்வி: டாக்டர் ஐயா, நான் சிங்கப்பூரில் துவாஸ் வட்டாரத்தில் கட்டுமான வேலை செய்கிறேன். ஒன்பது நாளுக்கு முன் காலையில் கம்பெனி லாரியிலிருந்து இறங்கும்போது தவறி விழுந்து வலக்கையை ஊன்றிவிட்டேன். மேற்பார்வையாளர் கிளினிக்குக்கு அழைத்துப்போய், அவரே டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசினார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று இரண்டு நாள் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) ஒரு வாரம் இலகு வேலையும் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே கம்பி தூக்கச் சொன்னார்கள். வலி குறையவே இல்லை. "வேலை தொடங்கும் முன்பே விழுந்தாய், இது வேலைக் காயம் இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் பர்மிட் ரத்து" என்கிறார் மேற்பார்வையாளர். லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் ஒருவர், வக்கீல் பிடித்துத் தருகிறேன், வரும் தொகையில் கால் பங்கு கொடு என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதலில் கையைப் பார்ப்போம். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு குழி தெரியும். அதை இடக்கை விரலால் அழுத்துங்கள். சுருக்கென்று வலித்தால் அங்கிருக்கும் சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். கையை ஊன்றி விழுபவர்களுக்கு அடிக்கடி முறியும் எலும்பு அது. முதல் நாள் எக்ஸ்ரேயில் அந்த முறிவு தெரியாமல் போவதுண்டு. அதனால்தான் பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுத்துப் பார்க்கிறோம். ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு அது. கட்டுப் போடாமல் பாரம் தூக்கினால் ஒட்டாமலே நின்றுவிடலாம். பிறகு ஆயுளுக்கும் அந்தக் கை நோகலாம். அழுத்தி வலிக்காவிட்டாலும் ஒன்பது நாளாக நோகும் கையை மறுபடி காட்டத்தான் வேண்டும். இன்னொரு மருத்துவரிடம் காட்டுவது உங்கள் உரிமை. அதைத் தடுக்க எந்த மேற்பார்வையாளருக்கும் அதிகாரம் இல்லை. ஒர்க் பர்மிட் ஊழியரின் சிகிச்சைச் செலவு முதலாளியின் பொறுப்பு.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது, அவரே பேசினார் என்ற வரிதான். நோயாளியின் அறையில் முதலாளியின் ஆளுக்கு என்ன வேலை? அவசர சிகிச்சைப் பிரிவில் நான் இருந்த காலத்தில், நோயாளியுடன் வந்தவரை வெளியே உட்காரச் சொன்ன பிறகே பேச்சைத் தொடங்குவேன். ஒருமுறை கதவு சாத்தியதும், "படியில் வழுக்கவில்லை டாக்டர், சாரம் சரிந்துவிட்டது" என்று ஒருவர் அழுதுவிட்டார். அவர் வாய் திறக்காமல் போயிருந்தால் படியில் வழுக்கினார் என்றே பதிவாகியிருக்கும். எப்படி விழுந்தீர்கள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று மருத்துவர் எழுதுவதுதான் பின்னால் உங்களுக்குச் சாட்சி. "தனியாகப் பேச வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்" என்று கேளுங்கள். அரசாங்க மருத்துவமனைகளில் தமிழ் பேசும் தாதியரோ ஊழியரோ பெரும்பாலும் இருப்பார்கள்.

இலகு வேலை என்ற சீட்டைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த வேலைத்தளத்தில் அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்காமலே எழுதிக் கொடுக்கிறார்கள். 2016இல் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதைப் பற்றித் தெளிவாகப் பேசினார்கள். கை முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஊழியருக்கு இரண்டு நாள் விடுப்பும் பிறகு இலகு வேலையும் எழுதிய மருத்துவருக்கு ஆறு மாதம் தொழில் தடை விதித்தார்கள். அப்படிப்பட்ட வேலை அங்கே உண்டா என்று விசாரிப்பதும் மருத்துவரின் கடமை என்றார்கள். இத்தனை ஆண்டு கழித்தும் நீங்கள் மூன்றாம் நாளில் கம்பி தூக்குகிறீர்கள். கம்பி தூக்கச் சொன்னதை அடுத்த மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி, லாரி விஷயம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் பொதுப் பேருந்திலோ எம்ஆர்டி ரயிலிலோ அடிபட்டால் அது வேலைக் காயமாகாது. மேற்பார்வையாளர் இந்த விதியைத்தான் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதே விதிக்கு ஒரு விலக்கு உண்டு. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில், அவர் அனுமதியோடு வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டால், அதை வேலையில் நேர்ந்த விபத்தாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. விடுதி வாசலில் ஏறியது முதல் தளத்தில் இறங்குவது வரை அந்தப் பயணம்தான். கம்பெனி வாடகைக்கு அமர்த்திய லாரி என்றாலும் அப்படியே. அன்று மணி எட்டு ஆகவில்லை, கையெழுத்துப் போடவில்லை, தலைக்கவசம் மாட்டவில்லை என்பதெல்லாம் இங்கே எடுபடாது. லாரியின் எண்ணையும் உடன் வந்தவர்களில் இருவரின் பெயரையும் இன்றே எழுதி வையுங்கள்.

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, ஒரு நாள் எம்சியோ இலகு வேலையோ கொடுத்தாலே, தகவல் தெரிந்த பத்து நாளுக்குள் முதலாளி மனிதவள அமைச்சிடம் அறிவிக்க வேண்டும். அவர் அறிவிக்காவிட்டால் நீங்களே அறிவிக்கலாம். இழப்பீட்டுக் கோரிக்கை வைக்க விபத்து நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். கோரிக்கை நடக்கும்போது பர்மிட்டை ரத்து செய்தாலும் ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் தங்கி சிகிச்சையைத் தொடர வழியுண்டு.

தேக்கா ஆளை நம்பவே நம்பாதீர்கள். இந்த இழப்பீட்டுக்கு வக்கீலே தேவையில்லை. யார் தவறு என்றும் நிரூபிக்க வேண்டியதில்லை. இழப்பீட்டில் பங்கு கேட்க இங்குள்ள வழக்கறிஞருக்கு அனுமதி கிடையாது. ஆள் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன் கொடுக்கவும் கூடாது. அப்படியானால் அந்தக் கால் பங்கு யாருக்குப் போகிறது? "எம்சி கூட்டி வாங்கித் தருகிறேன், வலியை அதிகமாகச் சொல்" என்றும் சொல்லிக்கொடுப்பார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் ஜெயிலுக்குப் போவது நீங்கள், அவர்கள் அல்ல. இன்னொரு கண்ணியும் உண்டு. இந்தச் சட்டத்தின்கீழ் இழப்பீடு, அல்லது நீதிமன்றத்தில் முதலாளி மீது வழக்கு, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். புரியாத தாளில் கையெழுத்து வாங்கி உங்களை வழக்குப் பக்கம் தள்ளிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் சிராங்கூன் சாலையில் உள்ள வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் கேளுங்கள்.

உங்கள் பக்கத்துக் கடமையும் சிறிதல்ல. மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கையில் பழைய அடி ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். சொன்ன நாளில் திரும்பிப் போங்கள். கட்டை நீங்களே அவிழ்க்காதீர்கள். விடுப்பில் இருக்கும்போது வேறெங்கும் வேலைக்குப் போகாதீர்கள். எம்சியின் மூலத்தை உங்கள் கையில் வாங்கி, கைப்பேசியில் படம் எடுத்த பிறகே கம்பெனிக்குக் கொடுங்கள்.

நாளைக் காலை விடுதி மருத்துவ நிலையத்துக்கு, இல்லாவிட்டால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தனியாகப் போங்கள். அந்தக் குழியைத் தொட்டுக் காட்டி, எங்கே வலிக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.