உப்பில் வெப்பத்தைச் சேமிக்கும் படிப்பு: பட்டர்வொர்த் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதவிருக்கும் உங்கள் மகள், உருகிய உப்பில் சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சிறு அளவில் மின்சாரம் எடுக்கும் துறையில்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், அதற்குப் பினாங்கில் வேலை கிடைக்குமா என்ற கவலையில் உங்களுக்குத் தூக்கமே வருவதில்லை என்றும் சொன்னீர்கள். வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் கொண்டுவந்து காட்டிய அவளுடைய குறிப்பேட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சோடியம் நைட்ரேட் 60 விழுக்காடும் பொட்டாசியம் நைட்ரேட் 40 விழுக்காடும் கலந்த உப்பை 290 பாகையிலிருந்து 565 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், ஒரு டன்னில் ஏறத்தாழ 115 யூனிட் வெப்பம் தங்கும் என்று அவள் போட்ட கணக்கு சரியானதே. அந்த 115 யூனிட்டும் அப்படியே மின்சாரமாகிவிடும் என்று எழுதியதில்தான் பிழை இருக்கிறது. பெரிய நீராவிச் சுழலியிலேயே அதில் பாதிகூட மின்சாரமாவதில்லை. சிறிய இயந்திரத்தில் இருபது யூனிட் கிடைத்தாலே நல்லது.

சிறு அளவு என்பதுதான் இத்துறையின் உண்மையான முடிச்சு. தொட்டியின் நீள அகல உயரத்தைப் பத்து மடங்காக்கினால் உள்ளே இருக்கும் உப்பு ஆயிரம் மடங்காகிறது; வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ நூறு மடங்குதான் கூடுகிறது. ஆகவே, அதே கனத்தில் காப்பு உறை போட்டாலும், சிறு தொட்டியில் ஒவ்வொரு கிலோ உப்பும் பத்து மடங்கு வேகமாக வெப்பத்தை இழக்கும். அத்துடன், ஏறத்தாழ 220 பாகைக்குக் கீழே இறங்கினால் உப்பு குழாய்க்குள்ளேயே நெய்போல் உறைந்துவிடும் என்பதால், மழை விடாத நாட்களில் அதை உருகிய நிலையில் வைத்திருக்கவே மின்சாரம் செலவழிக்க வேண்டியிருக்கும்.

ஸ்பெயினில் செவில் நகருக்கு அருகே 2011 முதல் இயங்கும் கெமாசோலார் நிலையம் 19.9 மெகாவாட் திறனுடையது. வெயிலே இல்லாமல் 15 மணி நேரம் ஓடுமளவுக்கு உப்பைச் சேமித்து வைக்கிறது. அதுவே இத்துறையின் சிறிய நிலையங்களில் ஒன்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேலும், வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளுக்கு நேரடி ஒளி வேண்டும். நிழலின் விளிம்பு கூர்மையாக விழாத நாளில் அவற்றால் பயனில்லை. நம் பினாங்கு வானம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும். மங்கிய ஒளியிலும் ஓரளவு வேலை செய்யும் சூரியத் தகடுகளே இங்கு பரவியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே, உப்புத் தொட்டியை மட்டும் நம்பி உள்ளூரில் வேலை தேடுவது வீண் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனாலும் அவளைத் தடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. இந்த உப்பைக் கையாள வெப்பப் பரிமாற்றம், உலோக அரிப்பு, பற்றவைப்பு, கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகிய அனைத்தும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் நெவாடாவில் 110 மெகாவாட் கிரெசண்ட் டியூன்ஸ் நிலையம் 2016இல் சூடான உப்புத் தொட்டியில் ஏற்பட்ட கசிவால் பல மாதங்கள் நின்றுபோனது. அத்தகைய கசிவை ஆராயத் தெரிந்தவர், நீராவிக் கொதிகலன் ஓடும் செம்பனை எண்ணெய் ஆலையிலோ, கையுறைத் தொழிற்சாலையிலோ, மின் நிலையத்திலோ வேலைக்குச் சேர்ந்து பிழைத்துக்கொள்வார்.

ஆகையால், ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்த படிப்புகளைவிட, இயந்திரப் பொறியியல் அல்லது இரசாயனப் பொறியியல் பட்டமே நல்லது. உப்பை இறுதியாண்டு ஆய்வாக வைத்துக்கொள்ளலாம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. எந்தக் கல்லூரியானாலும், அந்தப் பட்டத்துக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஏற்பு உண்டா என்று கட்டணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்; பின்னாளில் பொறியியலாளர் வாரியத்தில் பதிவதற்கு அது தேவைப்படும். விளம்பரத் தாளில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

இப்போதைக்குக் கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றிலும் அவள் கவனம் சிதறக் கூடாது. எஸ்.பி.எம். முடிந்தபின் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பாக மெட்ரிகுலேஷனா, எஸ்.டி.பி.எம்.மா என்பதை முடிவுகளைப் பார்த்து இருவரும் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு வழியிலும் பொறியியலுக்குப் போகலாம். அடுத்த முறை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள், ஐயா. அந்தக் குறிப்பேட்டில் விட்டுப்போன வெப்ப இழப்பை அவளே சேர்த்து, கணக்கை என் முன்னால் மறுபடியும் போடட்டும்.