கீபோர்டுக்குக் கிட்டார் அம்ப் போதுமா?

கல்லடியில் திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கீபோர்டு வாசிக்கும் நீங்கள், மலிவாகக் கிடைக்கும் பழைய கிட்டார் அம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 82 அதிர்வுகள்; எண் குறையக் குறைய ஒலி தாழும்) ஒலிக்கிறது. 88 கட்டைக் கீபோர்டோ 27.5 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது; அந்த ஆழத்துக்குக் கிட்டார் அம்ப் ஏற்றதல்ல. மேலே, 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கிட்டார் ஸ்பீக்கர் மங்கிவிடும். பியானோவின் மினுக்கமும் வயலின் ஒலியின் கூர்மையும் அங்கேதான் இருக்கின்றன!

அம்ப் உள்ளேயே அமைந்த 12 அங்குல ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பணம் சேருங்கள். பழையதானாலும் பரவாயில்லை. வாட்ஸ் எண்ணில் மயங்க வேண்டாம்: வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் (ஒலி அளவின் அலகு) மட்டுமே; காதுக்கு அது சிறிய வித்தியாசம்தான். பெட்டியில் பெரிதாக அச்சிடுவது பெரும்பாலும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். அளவைக் கேளுங்கள்.

கடைக்கு உங்கள் கீபோர்டையே கொண்டுபோங்கள். ஒரே ஸ்பீக்கர் என்பதால் ‘இடது/மோனோ’ துளையில் மட்டும் வயரைச் செருகி, இடக்கைக் கட்டைகளைப் பலமாக வாசித்துப் பாருங்கள். கரகரத்தால் விட்டுவிடுங்கள். நம் கடற்கரை உப்புக்காற்று பொல்லாதது. பின்பக்கத் துளைகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.