ஆலப்புழை படகு வீட்டில் முழங்கால் வலியுள்ள தாயாருடன் ஓர் இரவு

வணக்கம். முழங்கால் வலியுள்ள தாயாருடன் ஆலப்புழையில் படகு வீடு எடுக்கலாமா, இரவு முழுவதும் படகு ஓடும் என்று முகவர் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரவில் ஓடாது. வேம்பநாட்டுக் காயலில் மீனவர்கள் இரவு வலை விரிப்பதால், மாலை ஐந்தரை, ஆறு மணிக்குள் படகு வீடுகளைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். நண்பகலில் ஏறி மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறங்கும் வழக்கமான பயணத்தில், மதிய உணவுக்கு நிறுத்தும் நேரமும் போக, படகு நகர்வது சில மணி நேரம்தான்.

தாயாரை எண்ணும்போது எனக்குக் கவலை தருவது ஏறும் இடமே. பல துறைகளில் ஒரு படகைக் கடந்துதான் அடுத்த படகுக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால், கரையிலிருந்து நேராக ஏற முடியுமா, படுக்கையறை கீழ்த்தளத்தில் உள்ளதா என்று முன்பணம் தருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். குறைந்த கட்டணப் படகுகள் பலவற்றில் குளிர்சாதனம் இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் இயங்கும் என்பதையும் கவனியுங்கள்.

குறுகிய கால்வாய்களைப் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்; அவற்றுக்குள் பெரிய படகு வீடுகள் நுழையவே முடியாது. கரையில் ஒரு விடுதியில் தங்கி, காலையில் சிக்காரா எனப்படும் கூரையிட்ட சிறிய படகில், கால்வாய்கள் சூழ்ந்த கைநகரி கிராமப் பக்கம் சென்று வருவதே உங்கள் தாயாருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.