கராஜ் அலமாரியில் ஒரு பாஸ்போர்ட்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் ஆறு ஆண்டுகளாக செயின்ட் லூயிஸில் வசிக்கிறேன். சொந்த ஊர் வியாசர்பாடி, பந்தோடு வளர்ந்தவன். எங்கள் அலுவலகத்தில் ஐம்பது வயது தாண்டிய ஓர் அமெரிக்கர் இருக்கிறார். ஜனவரியிலிருந்து அவருக்கு இங்கே நடக்கப்போகும் 2026 கால்பந்து உலகக் கோப்பையைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஜூன் 11 எப்போது வரும் என்று மேசை நாட்காட்டியில் நாள் அடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கிடைத்திருப்பதோ கான்சாஸ் சிட்டியில் ஈக்வடாரும் குராசோவும் மோதும் ஆட்டத்துக்கான டிக்கெட். அதற்கே நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போகப் போகிறாராம். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. 'சாக்கர்' என்றுதான் சொல்கிறார்கள். ஃபுட்பால் என்றால் இவர்களுக்கு வேறு ஆட்டம். உலகக் கோப்பையில் இதுவரை எதையும் ஜெயித்ததில்லை. டிக்கெட் விலையைப் பார்த்தால் ஸ்டேடியம் நிரம்புமா என்பதே சந்தேகம். ரத்தத்தில் இல்லாத ஆட்டத்தின் மேல் இவர்களுக்கு இருப்பது உண்மையான ஆசையா, திருவிழா வருகிறதே என்ற ஆசையா? அமெரிக்கா எந்தச் சுற்று வரை போகும் என்று நினைக்கிறீர்கள்?

ஆர்.
செயின்ட் லூயிஸ்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை அந்த நாள் அடிக்கிற மனிதரை நினைத்து மனசு இளகிவிட்டது. அவரைப் போன்ற இன்னொருவரைப் பற்றி ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 'சாக்கர்' அமெரிக்கர்கள் கண்டுபிடித்த சொல் இல்லை. 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்பதை இங்கிலாந்துக் கல்லூரிப் பையன்கள் செல்லமாகச் சுருக்கிய பெயர் அது. அதை வைத்து யாரையும் மட்டம் தட்டாதீர்கள். டிக்கெட் விலையில் உங்கள் கட்சிதான் நானும். கேட்பவர்கள் கூடக்கூட விலையையும் ஏற்றுகிற முறையை உலகக் கோப்பைக்குள் ஃபிஃபா கொண்டுவந்தது அநியாயம். ஸ்டேடியம் நிரம்புமா என்ற கவலை வேண்டாம். 1994-இல் அமெரிக்காவில் நடந்தபோது 24 அணிகள், 52 ஆட்டங்கள்தான்; பார்க்க வந்தவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். பிறகு அணிகள் 32 ஆகி, ஆட்டங்கள் 64 ஆன பின்பும் எந்த நாட்டாலும் அந்தக் கணக்கைத் தாண்ட முடியவில்லை. எந்தச் சுற்று வரை போவார்கள் என்கிறீர்கள். முதல் சுற்றில் பராகுவேயையும் ஆஸ்திரேலியாவையும் தாண்டி வரட்டும், அப்புறம் பேசலாம்.

ஆனால் 'எதையும் ஜெயித்ததில்லை' என்று எழுதினீர்களே, அதை அப்படியே விட எனக்கு மனசில்லை. 1991, 1999, 2015, 2019. நான்கு உலகக் கோப்பைகள். பெண்கள் வாங்கி வந்தார்கள் என்பதால் உங்கள் கணக்கில் சேரவில்லையா? 1999 ஜூலை 10 அன்று பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில், கொளுத்துகிற வெயிலில், 90,185 பேர் உட்கார்ந்து ஒரு பெண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தார்கள். 120 நிமிடம் ஆடியும் கோல் விழவில்லை. பெனால்ட்டியில் சீனாவின் ஓர் உதையை அமெரிக்கக் கோல்கீப்பர் பிரியானா ஸ்கரி பாய்ந்து தடுத்தார். கடைசி உதையை பிராண்டி சாஸ்டெய்ன் இடது காலால் வலைக்குள் அடித்தார். வியாசர்பாடியில் பந்தோடு வளர்ந்த ஒருவருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது 'ரத்தத்தில் இல்லாத ஆட்டம்'. நான் குமரிக் கடற்கரையில் பிறந்தவள். என் அண்ணன்மார் அலை பின்வாங்கின ஈர மணலில் பந்து ஆடியவர்கள். உலகக் கோப்பை வந்தால் எங்கள் தெருவில் பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் பறக்கும். தோற்ற அன்றைக்கு எதிர்வீட்டுக்காரனோடு பேச்சு நின்றுவிடும். அந்த ஆசையை நான் ஒரு நாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் நாடு ஒரு உலகக் கோப்பையில்கூட ஆடியதில்லை. 1950-இல் பிரேசிலுக்குப் போக இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் இந்தியாவின் பெயரும் இருந்தது. போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். அன்றைக்கு நம் கால்பந்துச் சங்கத்துக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெரிதாகத் தெரிந்தது என்பதை அந்தக் கதை மறைத்துவிடுகிறது. நாம் ஜெயிக்கிற அணியாகப் பார்த்து நம் ஆசையை அதன் மேல் வைக்கிறோம். உங்கள் அலுவலகத்து மனிதர் தன் சொந்த அணியின் மேல் வைத்திருக்கிறார், அது எத்தனை தடவை கைவிட்டாலும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

2017-இல் மகளின் பிரசவத்துக்காக ஒஹாயோவில் கொலம்பஸ் நகரத்துக்குப் போயிருந்தேன். குழந்தைக்கு ஒரு மாதம். சாயங்காலம் அது தூங்கினதும் தெருவில் கொஞ்ச தூரம் நடப்பேன். இரண்டு வீடு தள்ளி ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் இருந்தார், அறுபதைத் தாண்டியவர். கராஜில் காரை விடாமல் ஒரு பழைய டிவியை வைத்திருந்தார். பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கிய அலமாரி, இரண்டு மடக்கு நாற்காலிகள், சுவரில் ஆணி அடித்து மாட்டிய சிவப்பும் நீலமுமான கழுத்துத் துணி. அந்த ஊர் முழுக்க இன்னொரு ஃபுட்பாலைக் கும்பிடுகிற ஊர். பல்கலைக்கழக அணி ஆடுகிற சனிக்கிழமையில் கடைக்குப் போனால் எல்லார் மேலும் ஒரே நிறச் சட்டைதான். அவர் மனைவியும் அந்தக் கட்சி. இவர் மட்டும் தனியாக கராஜில் உட்கார்ந்து சாக்கர் பார்ப்பார். ஒரு நாள் நான் வாசலில் நின்று ஸ்கோர் கேட்டேன். சேலை கட்டிய ஒரு கிழவி ஸ்கோர் கேட்டது அவருக்கு ஆச்சரியம். இரண்டாவது நாற்காலியை விரித்துப் போட்டார்.

அக்டோபர் 10, செவ்வாய்க்கிழமை. டிரினிடாடில் கூவா என்ற ஊரில் ஆட்டம். டிரா செய்தால் போதும், 2018 உலகக் கோப்பைக்கு அமெரிக்கா ரஷ்யாவுக்குப் போய்விடும். எதிரே இருந்ததோ பட்டியலின் கடைசியில் கிடந்த அணி. ஆட்டம் ஆரம்பிக்குமுன் அவர் அலமாரியிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினார். பாஸ்போர்ட். வாழ்க்கையில் அவர் எடுத்த முதல் பாஸ்போர்ட். ரஷ்யாவுக்குப் போகத்தான் எடுத்தாராம். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, என் கையில் கொடுத்துப் புரட்டிப் பார்க்கச் சொன்னார்.

முதல் கோல் நம் பக்கமே விழுந்தது. (பார்த்தீர்களா, 'நம்' என்று எழுதிவிட்டேன்.) ஓமர் கொன்சாலஸ் வெளியே தட்டப் பார்த்த பந்து மேலே எழும்பி சொந்த வலைக்குள் போனது. டிரினிடாடின் ஆல்வின் ஜோன்ஸ் வெகு தூரத்திலிருந்து அடித்தது இரண்டாவது. இடைவேளை முடிந்ததும் அமெரிக்காவின் புலிசிக் ஒன்றைத் திருப்பினார். டெம்ப்சி அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதே நேரத்தில் வேறு இரண்டு ஊர்களில், அதே இடத்துக்குப் போட்டியிட்ட பனாமாவும் ஹோண்டுராஸும் ஜெயித்துக்கொண்டிருந்தன. இரண்டுக்கு ஒன்று. எல்லாக் கதவும் ஒன்றாகச் சாத்தின.

அவர் கத்தவில்லை. டிவியை அணைத்தார். பாஸ்போர்ட்டை எடுத்த இடத்திலேயே, பெயிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் ஐந்து மணிக்குப் பேருந்தை எடுக்க வேண்டும். ஆனாலும் எழுந்து போகாமல் எனக்கு ஒரு கதை சொன்னார்.

கதை உங்கள் ஊரில் ஆரம்பிக்கிறது, ஆர். செயின்ட் லூயிஸில் 'தி ஹில்' என்ற இத்தாலியர் பகுதிக்கு நீங்கள் சாப்பிடப் போயிருப்பீர்கள். தண்ணீர்க் குழாய்க் கம்பங்களுக்குக்கூட இத்தாலியக் கொடியின் மூன்று நிறம் பூசியிருக்குமே, அந்த இடம். 1950 உலகக் கோப்பையில், பிரேசிலில், அமெரிக்காவுக்காக இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய பதினொரு பேரில் ஐந்து பேர் செயின்ட் லூயிஸ்காரர்கள், அதில் பெரும்பாலோர் அந்தத் தெருக்களில் வளர்ந்தவர்கள். கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கி பிழைப்புக்குச் சவ ஊர்தி ஓட்டினார். ஹாரி கியோ தபால் துறையில் வேலை பார்த்தார். நடுக்களத்தில் வால்ட்டர் பார், பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியர். முன்வரிசையில் ஜோ கேட்ஜென்ஸ், ஹைட்டியில் பிறந்தவர். நியூயார்க்கில் கணக்கியல் படிக்க வந்து, ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அமெரிக்கக் குடியுரிமைகூட அவருக்குக் கிடையாது; வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னதே போதுமானதாக இருந்தது.

ஜூன் 29, பெலோ ஒரிசோன்ட்டே. முதல் பாதி முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது பார் தூரத்திலிருந்து ஒன்று அடிக்கிறார். இங்கிலாந்துக் கோல்கீப்பர் அதை நோக்கி நகர்கிறார். கேட்ஜென்ஸ் கூட்டத்துக்குள்ளிருந்து தலையை முன்னே நீட்டிப் பாய்கிறார். பந்து தலையை உரசித் திசை மாறி உள்ளே போகிறது. ஒன்றுக்குப் பூஜ்யம். அது அப்படியே நின்றது. ஆட்டம் முடிந்ததும் பிரேசில் ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே போயிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரே ஒருவர்தான், டென்ட் மெக்ஸ்கிமிங். அவரும் உங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரர். லீவு போட்டு, சொந்தக் காசில் போனவர்.

கேட்ஜென்ஸ் பிறகு ஹைட்டிக்கே திரும்பிப் போனார். அரசியலில் அவருக்கு ஈடுபாடு கிடையாது. ஆனால் அவர் குடும்பத்தார் நாட்டின் சர்வாதிகாரி டுவாலியேவின் எதிராளியை ஆதரித்தவர்கள். 1964 ஜூலையில் டுவாலியேவின் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது பேருந்து ஓட்டுநர் அழுதார். கூவாவுக்கு அழாதவர் இதற்கு அழுதார். ரத்தத்தில் இருப்பது என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள், ஆர்.? தன் ஊரில் ஒருவரும் சொல்லித் தராததைத் தானே தேடிப் படித்து, தனக்கு எந்த உறவும் இல்லாத ஹைட்டிக்காரருக்காக அறுபது வயதில் கண் கலங்குகிறார் ஒரு மனிதர். தகப்பன் கொடுத்த ஆசையைத் தூக்கிக்கொண்டு திரிவது எனக்கும் உங்களுக்கும் சுலபம். இவர் தானே ஆசைப்பட்டு, தனியாகக் காப்பாற்றி வந்திருக்கிறார். ஊரே ஒரு பக்கம் பார்க்க, கராஜில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பது திருவிழா ஆசை என்றால், உண்மையான ஆசை எது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. அந்த 1950 அணியில் கடைசியாக உயிரோடு இருந்தவர் வால்ட்டர் பார். அவர் 2018 ஜூன் 18 அன்று இறந்தார். ரஷ்யாவில் உலகக் கோப்பை தொடங்கி ஐந்தாம் நாள், அமெரிக்கா இல்லாத உலகக் கோப்பை. அதற்கு ஐந்து நாள் முன்புதான் 2026 போட்டி அமெரிக்கா, மெக்சிகோ, கனடாவுக்கு என்று மாஸ்கோவில் முடிவாகியிருந்தது.

குராசோ ஆட்டம் என்று இளக்காரமாக எழுதினீர்கள். ஒன்றரை லட்சம் பேர் இருக்கிற தீவு. உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளிலேயே சிறியது. 2025 நவம்பர் 18 அன்று அவர்கள் ஜமைக்காவில் டிரா செய்து தகுதி பெற்றார்கள். அதே இரவில் ஹைட்டியும் நிகராகுவாவை வென்று தகுதி பெற்றது, 1974-க்குப் பிறகு முதல் முறையாக. ஆயுதக் கும்பல்களின் பிடியில் கிடக்கிற தலைநகரத்தில் ஆட முடியாமல், ஹைட்டி தன் 'சொந்த மைதான' ஆட்டங்களை ஆடியது எங்கே தெரியுமா? குராசோவில்தான். இப்போது அந்த அணி அமெரிக்காவுக்குள் வரலாம், அதன் ரசிகர்கள் ஹைட்டியிலிருந்து வர முடியாது. ஹைட்டி மக்களுக்கு நுழைவுத் தடை இருக்கிறது. ஒரு ஹைட்டிக்காரரின் தலையில் பட்ட பந்தால் பெயர் வாங்கிய நாடு இதைச் செய்கிறது. எனக்கு இது தாங்கவில்லை.

நீங்கள் அலுவலகத்தில் அந்த மனிதரிடம் போய் இன்னொரு டிக்கெட் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் கான்சாஸ் சிட்டி வரை அவரோடு காரில் போய் வாருங்கள். நாலு மணி நேரத்தில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும். போகுமுன் ஒரு நாள் அவரை 'தி ஹில்' பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

போன வாரம் கொலம்பஸிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, பேருந்து ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அமெரிக்கா ஆடும் ஆட்டங்களுக்குக் குலுக்கலில் ஒன்றும் விழவில்லை. விழுந்தது பிலடெல்பியாவில் பிரேசிலும் ஹைட்டியும் ஆடும் ஆட்டத்துக்கு, இரண்டு டிக்கெட். வால்ட்டர் பாரின் ஊர். இரண்டாவது டிக்கெட்டுக்கு அவர் மனைவியே வருகிறாராம். பேரன் படம் கேட்டிருந்தார், அனுப்பி வைத்தேன். பாஸ்போர்ட் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, அடுத்த ஆண்டு காலாவதியாகிறது, ஒரு முத்திரைகூட விழவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்.