பைபிள் தொல்லியல் ஆவணப்படங்களைப் பார்த்தால் விசுவாசம் ஆட்டம் காணுமா?

கேட்டவர் சபைக் குடும்பத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். வெளியாட்கள் இவ்வளவு பயந்து கேட்பதில்லை. "அதையெல்லாம் பார்க்காதே" என்று வீட்டில் யாரோ மிரட்டியிருப்பார்கள். தாராளமாகப் பாருங்கள்.

எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் இப்படி ஓர் ஆவணப்படத்தைப் போட்டேன். முதலில் எரிகோ, யோசுவா தலைமையில் இஸ்ரவேலர் சுற்றி வந்தபோது மதில் இடிந்து விழுந்ததாகப் பைபிள் சொல்லும் நகரம். 1930-களில் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்டாங் அங்கே தோண்டி, இடிந்து கிடந்த மதிலைக் காட்டி, யோசுவா காலத்தில் விழுந்தது இதுதான் என்று அறிவித்த கட்டத்தில் பின்வரிசையிலிருந்து 'அல்லேலூயா' கேட்டது. அடுத்து வந்தார் கேத்லீன் கென்யன். 1952 முதல் 1958 வரை அதே மேட்டைத் தோண்டியவர். அந்த மதில் யோசுவாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்தையது, நகரம் எரிந்ததோ கி.மு. 1550 வாக்கில், யோசுவா வரும்போது விழுவதற்கு அங்கே மதிலே இல்லை என்பது அவர் முடிவு. அதைச் சொல்லி வாய் மூடவில்லை, கமிட்டி உறுப்பினர் ஒருவர் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"பிள்ளைகளைக் கெடுக்கவா தம்பி கூட்டம் போட்டீர்கள்?"

"அண்ணாச்சி, இன்னும் பாதிப் படம் இருக்கிறது" என்றேன். யார் கேட்டார்கள்?

அந்தப் பாதியில்தான் யூதாவின் ராஜா எசேக்கியாவின் சுரங்கம் இருந்தது. அசீரியப் படை வருமுன் கீகோன் ஊற்றுத் தண்ணீரை எருசலேமுக்குள் கொண்டுவர 533 மீட்டர் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். உளித்தடங்கள் ஒரு பாதியில் ஒரு திசையிலும் மறு பாதியில் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. இரு முனையிலிருந்தும் குடைந்து வந்தவர்கள் நடுவில் தடுமாறி, வளைந்து, பாறைக்கு அப்பால் கேட்ட குரலை வைத்து ஒருவரையொருவர் கண்டுபிடித்ததைக் கல்லில் வெட்டியே வைத்தார்கள். 1880-ல் தண்ணீரில் இறங்கிப் போன ஒரு மாணவன் கண்ணில் பட்ட அந்தக் கல்வெட்டு இன்று இஸ்தான்புல்லில் இருக்கிறது. எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்துவைத்தேன் என்று பீற்றிக்கொண்ட அசீரிய ராஜா சனகெரிப், எருசலேமைப் பிடித்தேன் என்று எங்கும் எழுதவில்லை. அல்லேலூயா சொல்லியிருக்க வேண்டிய இடம் இது. பிளக் கையில் இருந்தது.

நான் தொல்லியல் படித்தவன் அல்லன், கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவன். இருந்தாலும் கணக்கில் வரவை மட்டும் எழுதிப் பற்றை மறைப்பவனை என்னவென்று சொல்வோம்? மண்வெட்டி இஸ்ரேலின் வடக்கே தாண் மேட்டில் 1993-ல் 'தாவீதின் வீடு' என்று தாவீதின் வம்சத்தைப் பேர் சொல்லி வெட்டிய கல்லைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்கள், எரிகோவில் கையை விரித்தால் மண்வெட்டியே பிசாசா?

கென்யனே கடைசி வார்த்தை என்றும் நான் சொல்லவில்லை. 1990-ல் பிரையன்ட் வுட் என்ற தொல்லியலாளர் கென்யனின் கணிப்பை மறுத்து எழுதினார். 1995-ல் எரிகோவின் கருகிய தானியத்தின் வயதைக் கண்டறியக் கார்பன் சோதனை செய்த முடிவுகள் கென்யன் பக்கமே சாய்ந்தன. இந்தச் சண்டையையும் சேர்த்துக் காட்டுகிற படமாகத் தேடிப் பாருங்கள். மறுப்பவர் ஒருவரையும் பேசவிடாமல் இரண்டு மணி நேரம் வயலின் வாசிக்கும் படம் பக்தர் எடுத்ததானாலும் சரி, நாத்திகர் எடுத்ததானாலும் சரி, அணைத்துவிடுங்கள்.

பின்னூட்டத்தில் என்னை நாத்திகன் என்று ஏசக் காத்திருப்பவர்களுக்கு: வீட்டில் குடும்ப ஜெபம் நின்றதில்லை. யோசுவா புத்தகத்தையும் கிழித்துப் போடவில்லை.

பிளக்கைப் பிடுங்கிய அதே அண்ணாச்சிதான் செங்கடலுக்கு அடியில் பார்வோனின் தேர்ச்சக்கரம் கிடைத்ததென்று வாட்ஸ்அப்பில் வாராவாரம் அனுப்புகிறார். எந்த அகழாய்வு அறிக்கையில் இருக்கிறது என்று கேட்டேன், குழுவிலிருந்து நீக்கிவிட்டார். போகட்டும். சபை நூலகத்துக்கு ஒரு மின்விசிறி கேட்டு எழுதிக் கொடுத்தபோதும் இதே கமிட்டிதான் நிதி இல்லை என்றது. அடுத்த மாதமே ஆராதனைக்குப் புது ஒலிபெருக்கி வந்து இறங்கியது, ஆளுயரத்தில். நூலகத்தில் நாங்கள் இன்னும் பழைய திருச்சபைப் பத்திரிகையைத்தான் விசிறிக்கொண்டிருக்கிறோம்.